முட்டி கொடுத்தால் திறக்கும் கதவு

சனிக்கிழமை காலை, பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக லகாட் சாலையோரத்தில் நின்றபடி, கலாதேவி ஒரு வேனைச் சபித்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டு அல்ல, மனசுக்குள்தான். ஒரே மகன் ஷர்வினுக்குப் பரிசம் போடப் போகிற நாளில் நாக்கில் கெட்ட சொல் வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் சீர்த்தட்டுகள் பத்து காஜா என்ற ஊரில் இருக்கும் பெண்வீட்டு வாசற்படியைத் தாண்டியாக வேண்டும். தட்டுகளோ வேனுக்குள் இருந்தன. வேனோ செம்பனை மரங்களுக்குப் பக்கத்தில், புல்லில் ஒரு சக்கரத்தை வைத்துக்கொண்டு செத்துக் கிடந்தது.

"நேத்தே சொன்னேன், வாடகைக்கு வேற ஒரு காடி எடுங்கன்னு. கேட்டீங்களா?"

ஓட்டுநர் இருக்கையில் இருந்த அவள் கணவர் சீனி சாவியை மறுபடியும் திருப்பினார். இஞ்சின் இருமியது, அடங்கியது. அதற்குப் பதிலாக வைப்பர் மட்டும் எழுந்து, வெயிலில் காய்ந்த கண்ணாடியைக் கீச்சென்று ஒரு தடவை துடைத்துவிட்டுப் படுத்தது.

பின்னால், தட்டுகளுக்கு நடுவே ஒடுங்கியிருந்த சீனியின் அக்கா புஷ்பலதா சிரித்தாள். "துடைக்குது பாரு, நம்ம மானத்த."

கலாதேவிக்குக் கண்ணில் நீர் முட்டியது. இத்தனை வருடத்தில் இந்த வேன் அவளை எத்தனையோ இடங்களில் தலைகுனிய வைத்திருக்கிறது. ஆனால் இன்று? இன்றுமா?

அவள் பிறந்தது இதே சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில்தான். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டியவர்கள். தோட்டம் துண்டு துண்டாகக் கைமாறியபோது குடும்பம் சிலிபினுக்குக் குடியேறியது. கல்யாணமாகி குனோங் ராபாட் வந்தாள். சுண்ணாம்புக் குன்றின் காலடியில் ஒரு வரிசை வீடு, ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை, லோரி ஓட்டும் கணவர், ஒரு பிள்ளை. அவள் வேறு எதுவும் கேட்டதில்லை.

ஷர்வின் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, கேமரன் மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் சீனியின் லோரி பள்ளத்தில் சாய்ந்தது. தலையில் தையலோடு, காலை இழுத்துக்கொண்டு அவர் வீடு வந்து சேர்ந்த அன்று அவள் அழவில்லை. மறுநாள் பூஜை அறையில் உட்கார்ந்து அழத் தொடங்கியவளால் நிறுத்தவும் முடியவில்லை. அதோடு லோரி போயிற்று. சீனி ஒரு ஹார்ட்வேர் கடையில் ஸ்டோர் வேலைக்குப் போனார். நஷ்டஈடாகக் கைக்கு வந்த பணத்தில் ஏழு பேர் உட்காரும் இந்தப் பழைய வேனை வாங்கினார்.

வாங்கிய முதல் மாதமே அதன் குணம் தெரிந்துவிட்டது. இடப்பக்கத்து இழுவைக் கதவு உள்ளிருந்து திறக்காது. வெளியே நின்று, கைப்பிடியைத் தூக்கி, கீழே கால்முட்டியால் ஒரு இடி கொடுத்தால்தான் நகரும். ஏர்கோன் முன்னால் இருப்பவருக்குப் பனி, பின்னால் இருப்பவருக்கு அடுப்பு.

போகப் போக அது பேய் பிடித்த வண்டியாகவே ஆனது. இடப்பக்கம் திரும்ப சிக்னல் போட்டால் வைப்பர் ஓடும். மழையில் வைப்பர் போட்டால் ஹாரன் அடிக்கும். ஒருமுறை ஒரு சாவு வீட்டு வாசலில் ஹாரன் தானாகவே அலறி, நிற்காமல் அலறி, அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். கலாதேவி அன்று வீடு வந்து ராத்திரிச் சோறு உண்ணவில்லை.

பழுது பார்க்க எந்த பெங்கேலுக்குக் கொண்டுபோனாலும் ஒரு புதுக் காரணம் சொன்னார்கள். பேட்டரி மாற்றினார்கள், ஆல்டர்னேட்டர் மாற்றினார்கள். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடும். பிறகு பழைய குருடி கதவைத் திறந்த கதைதான்.

கலாதேவிக்கு மட்டும் காரணம் ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. எல்லாம் சீனியின் ஜோடனைதான். மனுஷர் சம்பளம் வந்தால் வேனுக்கு எதையாவது வாங்கிப் பூட்டிவிடுவார். கூரையில் இறங்கும் டிவி, இருக்கைக்கு அடியில் நீல விளக்கு, பின்னால் ஒரு பெட்டி ஸ்பீக்கர். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் வேனுக்குள் தனியாக உட்கார்ந்து, பாட்டைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

"வயர வயர இழுத்தா வண்டி என்னத்துக்கு ஆவும்? கழட்டுங்க," என்றாள் அவள். முதலில் டிவியைக் கழற்ற வைத்தாள். வேன் திருந்தவில்லை. நீல விளக்கைக் கழற்ற வைத்தாள். கடைசியில் ஸ்பீக்கரும் போனது. சீனி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கழற்றியதையெல்லாம் துண்டில் சுற்றி ஸ்டோர் அறையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் உட்காருவதையும் விட்டுவிட்டார்.

அவள் வேனை வெறும் வசவோடு விட்டாளா என்றால், அதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குப் பூஜை செய்தாள். ஸ்டியரிங்குக்கு அருகே டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் சின்னப் பிள்ளையாருக்கு, தோட்டத்துக் கோயிலிலிருந்து பிடித்து வந்த தீர்த்தத்தில் மஞ்சள் கரைத்து, துளசி போட்டு, அபிஷேகம் செய்வாள். வேனில் ஏறுகிறவர் ஏறின மாதிரியே இறங்கி வீட்டுக்கு வரவேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை. இத்தனை செய்தும் இந்த இரும்புக்கு நன்றி இல்லையே என்பதுதான் அவள் வயிற்றெரிச்சல். நேற்று வெள்ளிக்கிழமை. நாளைக்கு மகனின் பரிசமாயிற்றே என்று ஒரு செம்பு நிறைய ஊற்றியிருந்தாள்.

அதன் பலன்தான் இதுவா, சாமி?

"மா, அவங்க அப்பா போன் பண்ணிட்டாரு," என்றான் உள்ளேயிருந்து ஷர்வின். அவன் குரல் கம்மியிருந்தது. "என்ன சொல்ல?"

"வந்துகிட்டே இருக்கோம்னு சொல்லு."

பெண்ணின் அப்பா கதிரவேலு, ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம். மகள் தக்‌ஷாயினி ஷர்வினோடு வேலை செய்கிறவள். அந்த வீட்டார் ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. ஆனாலும் தோட்டத்து லயத்தில் பிறந்தவளுக்கு அந்த வீட்டு வாசலை நினைத்தாலே கூச்சமாக இருந்தது. அதனால்தான் கிளம்பும்போதே சொல்லியிருந்தாள்: "வேன மூலையிலயே நிறுத்திடுங்க. நடந்து போயிரலாம். இந்தக் கதவு கூத்த அவங்க பார்க்க வேணாம்."

சொந்தக்காரர்களின் காடிகள் முன்னாலேயே போய்விட்டன. ஒன்றைத் திரும்பி வரச்சொன்னால் வந்து சேர்வதற்குள் ஒன்பது தாண்டிவிடும்.

சீனி இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டி, புல்லில் மண்டியிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்தார்.

"போன்ல லைட்ட போட்டுக் காட்டவா?" என்று கலாதேவி அருகே போனாள்.

"வேணாம் வேணாம். புடவை அழுக்காயிரும். நீ அங்கயே நில்லு."

"புடவை கிடக்கட்டும். மணி என்னாவுதுன்னு தெரியுமா?"

"ஷர்வின வரச்சொல்லு. நீ நில்லுலா."

அவர் குரலில் இருந்த அவசரம் அவளுக்குப் புரியவில்லை. வீம்பாகக் குனிந்தாள். விளக்கைக் காட்டினாள்.

கீழே பியூஸ் பெட்டி இருந்தது. அதற்கு மேலே, சாய்வாக, ஒரு சின்னக் கூரை. ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியை அளவாக வெட்டி, கறுப்பு டேப் போட்டு ஒட்டிய கூரை. ஒரு பக்கத்து டேப் விட்டுப்போய் மூடி தொங்கிக்கொண்டிருந்தது. அதில் மஞ்சள் தண்ணீர் தேங்கியிருந்தது. பியூஸ்களின் மேல் மஞ்சள் சேறாகப் படிந்து காய்ந்திருந்தது. ஒரு துளசி இலை ஊறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

கலாதேவி மேலே பார்த்தாள். டாஷ்போர்டின் இடுக்குக்கு நேர் மேலே பிள்ளையார் உட்கார்ந்திருந்தார்.

விளக்கை மறுபடியும் மூடியின் மேல் திருப்பினாள்.

"இந்த மூடிய யாரு வச்சது?"

"நாந்தான்."

"எப்ப?"

"டிவிய கழட்டும்போது. அப்பதான் பார்த்தேன்."

"அப்பவே தெரியுமா? பெறகு ஏன் ஸ்பீக்கரயும் கழட்டினீங்க?"

"நீதான கழட்டச் சொன்ன."

"வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

சீனி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பியூஸை நகத்தால் பிடுங்கிக்கொண்டே சொன்னார். "நீ எதுக்கு ஊத்துறேன்னு எனக்குத் தெரியும். ஊத்தினா நிம்மதியாத் தூங்குற. விடு."

எத்தனை பெங்கேல், எத்தனை சண்டை, எத்தனை ஞாயிற்றுக்கிழமை! அவ்வளவையும் அந்த மனுஷர் ஒரு ஐஸ்கிரீம் மூடிக்குக் கீழே மறைத்து வைத்திருந்தார். கலாதேவிக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரம் இல்லை.

"என்னா ரெண்டு பேரும் குனிஞ்சுகிட்டுக் கொஞ்சுறீங்க?" என்றாள் உள்ளேயிருந்து புஷ்பலதா. "நான் இங்க லட்டுக்கூட லட்டா வெந்துகிட்டு இருக்கேன்."

"பெட்ரோல் பம்ப்போட பியூஸ் போயிருச்சு," என்றார் சீனி. "ஏர்கோனுக்கும் அதே அளவு பியூஸ்தான். அத எடுத்துப் போடலாம். ஆனா முதல்ல இதெல்லாம் காயணும். துணி ஏதும் இருக்கா?"

கலாதேவி சுற்றிலும் பார்க்கவில்லை. மயில்நீலப் பட்டின் முந்தானையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"என்ன செய்ற நீ?"

"தொடைங்க."

அவர் தயங்கினார். அவளே கையை உள்ளே விட்டு, ஒவ்வொரு இடுக்காகத் துடைத்தாள். மயில்நீலத்தில் மஞ்சள் திட்டுத் திட்டாக ஏறியது. சீனி பியூஸ்களின் காலைப் பேனாக்கத்தியால் சுரண்டினார், மாற்றிப் பொருத்தினார், சாவியைத் திருப்பினார். இஞ்சின் பிடித்துக்கொண்டது.

ஏர்கோன் இல்லாத அந்தப் பயணத்தை புஷ்பலதா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். ஜன்னலைத் திறந்தால் பூ பறக்கிறது, மூடினால் மூச்சு முட்டுகிறது. ஷர்வினின் புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பத்து காஜாவில் பெண்வீட்டுத் தெருமுனை வந்ததும் சீனி வேகத்தைக் குறைத்தார்.

"இங்கயே நிறுத்தவா? நீ சொன்னியே."

கலாதேவி மடியிலிருந்த முதல் தட்டை, மஞ்சளும் குங்குமமும் வைத்த தட்டை, இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நேரா வாசல்ல போய் நிறுத்துங்க."

வாசலில் பெண்வீட்டார் திரண்டு நின்றார்கள். சொந்தக்காரர்கள் கடிகாரத்தையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதிரவேலு தங்கநிற மூக்குக் கண்ணாடியும் சரிகை வேட்டியுமாக இறங்கி வந்தார். பின்னால் அவர் மனைவி சாரதாதேவி ஆரத்தித் தட்டோடு நின்றார்.

"வாங்கோ, வாங்கோ. நேரம் போகுது. பிள்ளையள் இறங்கட்டும்." சொல்லிக்கொண்டே கதிரவேலு இழுவைக் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தார். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஷர்வினின் முகம் வியர்வையில் மிதந்தது. கூட்டத்தில் யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்கினாள்.

கலாதேவி முன்பக்கத்திலிருந்து இறங்கினாள். இந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்துதானே அவள் இத்தனை நாள் தவித்தாள்? முதல் தட்டை சீனியின் கையில் கொடுத்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க சம்மந்தி. இது எங்க வீட்டு வேன். நாங்க தொறந்தாதான் தொறக்கும்."

கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள். மறு கையால் கைப்பிடியைத் தூக்கி, அத்தனை பேர் பார்க்க, முட்டியால் ஒரு இடி இடித்தாள். கதவு அலறிக்கொண்டே திறந்தது. புஷ்பலதா ஒரு பழத்தட்டோடு கிட்டத்தட்ட உருண்டு வெளியே வந்தாள்.

கதிரவேலு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கட வீட்டு ஃபிரிஜ்ஜும் இப்படித்தான். சாரதா உதைச்சால்தான் ஓடும்."

"பேசாமல் தட்டை வாங்குங்கோ," என்றார் சாரதாதேவி. பிறகு கலாதேவியின் முந்தானையைப் பார்த்தார். "ஐயோ, பட்டில மஞ்சள் கொட்டிட்டுதே."

"ஆமாங்க. கொட்டிருச்சு," என்றாள் கலாதேவி.

ராகு காலத்துக்குச் சற்று முன்னால் கடைசித் தட்டும் படி தாண்டியது.

திரும்பும்போது உச்சி வெயில். புஷ்பலதா வேறு காடியில் ஏறிக்கொண்டாள். ஷர்வின் பின்னிருக்கையில் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கலாதேவி முன்னால், வியர்த்து வழிந்து, எரிச்சலோடு உட்கார்ந்திருந்தாள். யார்மேல் எரிச்சல் என்றுதான் சொல்லத் தெரியவில்லை. பிள்ளையார் காய்ந்துபோய் அவளையே பார்த்தார்.

"அந்த ஸ்பீக்கரு வேலை செய்யுமா?" என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

"துண்டுலதான சுத்தி வச்சிருக்கேன். செய்யும்."

"அடுத்த வெள்ளிக்கிழமையிலேர்ந்து வெறும் பூதான் வைப்பேன். சாமி கோச்சுக்காது."

சீனி குனோங் ராபாட்டுக்குப் பிரியும் இடத்தில் இடப்பக்கம் சிக்னல் போட்டார். வைப்பர் எழுந்து, காய்ந்த கண்ணாடியைக் கீச்சென்று துடைத்தது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

"அது பாட்டுக்குக் கிடக்கட்டும்," என்றாள் கலாதேவி. "நீங்க ரோட்டப் பார்த்து ஓட்டுங்க."