மாடி விளிம்பில் இருபத்து மூன்று நொடி

“அச்சம் என்ற சொல்லையே அறியாதவர்” என்று படநிறுவனத்தின் விளம்பரக் கையேடு இயக்குநரைப் பற்றிச் சொல்கிறது. அந்தக் கையேட்டின் மேல் தேநீர்க் குவளையை வைத்துவிட்டு, படத்தொகுப்பு அறை நாற்காலியில் சம்மணமிட்டபடி, அந்த அம்மையார் தான் ஊரில் இல்லை என்று பல் மருத்துவரிடம் நான்காவது முறையாகத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பதினொரு பேய்ப்படங்கள் எடுத்தவர். ஊசியைக் கண்டால் ஆகாது. முதல் படத்துக்குப் பேய், சொந்த அண்ணன்தான். கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்த பேய் களைப்பில் தூங்கிவிட்டது. ஒலிப்பதிவில் ஏறிய குறட்டையை அவர் நீக்கவில்லை. வேகத்தை மட்டும் குறைத்தார். அந்த மூச்சுக்கு நடுங்கியவர்கள் இன்றும் விளக்கை அணைக்காமல் தூங்குகிறார்கள். அண்ணிக்கு மட்டும் திரையரங்கில் சிரிப்பு அடங்கவில்லை.

அவருடைய படத்தொகுப்பாளருக்குக் கத்திரி என்று பெயர் விழுந்து பத்தொன்பது ஆண்டாகிறது. கத்திரி கடிகாரம் பார்ப்பதில்லை, அக்கா என்று தான் அழைக்கும் இயக்குநரின் கன்னத்தைப் பார்ப்பார். காட்சி ஓடும்போது அக்கா மூச்சைப் பிடித்துக்கொள்வார். கன்னம் தளர்ந்த இடத்தில் வெட்டு.

இப்போது எடுத்திருப்பது பறக்கும் நாயகன் படம். மாடி விளிம்பில் நாயகன் முதன்முறையாக வந்து நிற்கிறான். இருபத்து மூன்று நொடிக்கு இசை இல்லை, வசனம் இல்லை, குதிப்பதும் இல்லை. நான்கு நொடி போதும் என்றார் தயாரிப்பாளர். மிச்ச நேரத்தில் ஜனங்கள் சோளப்பொரி வாங்கப் போய்விடுவார்களாம். ஒப்பந்தப்படி கடைசி வார்த்தை அவருடையது.

“பறக்கத் தெரிஞ்சவன் குதிக்கிறதுல என்ன சார் இருக்கு? அவன் நல்லா பயப்படட்டும். பயந்துக்கிட்டே குதிக்கிறான் பாருங்க, அதுக்குத்தான் அவனுக்கு அந்த அங்கியே,” என்றார் அக்கா.

முந்நூறு பேரை அழைத்துப் படத்தைப் போட்டுப் பார்ப்பது, நாயகன் குதிக்கும் முன் ஒருவர் எழுந்தாலும் நான்கு நொடிதான் என்று முடிவாயிற்று. அன்று அக்கா திரைக்கு முதுகைக் காட்டி ஓரமாக நின்று, வந்தவர்களின் முகங்களைப் பார்த்தார். ஒருவர்கூட எழவில்லை. நாயகன் குதித்த பிறகுதான் எழுந்தார்கள், கைதட்ட. தயாரிப்பாளரின் கைப்பிடிச் சோளப்பொரி மடிக்கும் வாய்க்கும் நடுவழியில் அப்படியே நின்றிருந்தது. வெளியே வந்ததும், “சரிம்மா, எதையும் தொட வேணாம்,” என்றார். அரங்கப் பணியாளர் எதுவும் கேட்கவில்லை. கத்திரியாகவே அவரிடம் போய், “எங்கக்கா படம்,” என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை இனிப்புப் பெட்டியோடு கத்திரி வந்தபோது, அக்கா அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வரிசையில் ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர், இருபத்தோராவது நொடியில் திரையை விட்டுவிட்டு நாற்காலிக் கைப்பிடியைப் பார்த்தாராம்.

“அதான் ஜெயிச்சாச்சேக்கா. விடுங்களேன்.”

“தயாரிப்பாளர்கிட்ட ஜெயிச்சேன் தம்பி. கண்ணாடிக்காரர்கிட்ட தோத்துட்டேன்.”

கத்திரியை நகரச் சொல்லி, தன் கையாலேயே இரண்டு நொடியை வெட்டினார்.