எக்கோவைத் திருப்பிப் போட்டோம்

அமெரிக்க கிளையன்ட்டுடன் பேசும்போது லைனில் எக்கோ வந்தால் எங்கள் டீமே திணறும். பேசியது கண் சிமிட்டும் நேரத்தில் நம் காதுக்கே திரும்பி வரும், வாய் குழறும். ஹைதராபாத்தில் இணையவழி ஃபோன் பேசும் ப்ரோக்ராம் தயாரிக்கும் கம்பெனியில் சேர்ந்ததும் அந்த எக்கோவை ஒழிப்பதுதான் எனக்குத் தந்த முதல் வேலை. ஒழித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

பெனடிக்ட் மட்டும் என் மேஜைக்கு வந்தான். செகந்திராபாத் பக்கம் அல்வால்காரன், தாத்தா காலத்திலிருந்து அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். அவன் தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும்: 'கைக்கு' என்றால் ஏன், 'நக்கோ' என்றால் வேண்டாம். சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும்.

"எ... எக்கோவை கைக்கு எடுத்தே? நக்கோப்பா, திருப்பிப் போடு."

"கிண்டலா?"

"அது இருந்தா எனக்குத் தி... திக்காது."

எக்கோ இருந்த பழைய ஃபோன் ரெக்கார்டிங்குகளை ஓடவிட்டேன். நாங்கள் உளறும் இடத்திலெல்லாம் பெனடிக்ட் நிதானமாக, லேசாக இழுத்து, தடங்கலின்றிப் பேசியிருக்கிறான்! அந்த நிமிடம்தான் பொறி தட்டியது.

அவசரமும் இருந்தது. வெள்ளிக்கிழமை கிளையன்ட்டுக்கு லைனில் டெமோ. ப்ராடக்டில் பெரும்பகுதி அவன் எழுதியது. பேசுவதற்கு மட்டும் வேறு ஆள் என்று எங்கள் டீம் லீட் ரமணி மேடம் முடிவுகட்டியிருந்தார்.

"அவனுக்கு ஒரு சான்ஸ் குடுங்க மேடம்" என்றேன்.

"சொதப்பினா ரெண்டு பேரும் யூசர் மேனுவல்தான் எழுதணும், சொல்லிட்டேன்."

அவன் குரல் அவன் ஹெட்செட்டுக்கு மட்டும் தாமதித்துத் திரும்பும்படி சின்ன ப்ரோக்ராம் எழுதினேன். முதலில் தாமதம் அதிகமாகிவிட்டது. "யாருப்பா இவன், எம் பின்னாடியே பேசறான்?" என்று சிரித்தான். குறைத்தேன். பேப்பரைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வரன் விளம்பரம் வரை வாசித்தான். போதும் என்றாலும் விடவில்லை.

டெமோ தொடங்கியது. அவன் அதிகம் மாட்டிக்கொள்வது சொந்தப் பெயரில்தான். வழக்கமாக அதை நான் சொல்லிவிடுவேன். அன்றும் வாயெடுத்தேன், கையை நீட்டித் தடுத்தான்.

"ஹலோ, பெனடிக்ட் ஹியர்."

நடுவில் இரண்டொரு இடத்தில் திக்கியது. அவன் நிற்கவில்லை. கிளையன்ட்டும் ப்ராடக்டைப் பற்றித்தான் கேட்டார். மேடம் லைனை ம்யூட் செய்துவிட்டு, "அடுத்த டெமோவும் இவனே பண்ணட்டும்" என்றார்.

எல்லோருக்கும் இது பலிக்காது என்று ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவர் எச்சரித்தார். இந்த ப்ரோக்ராமுக்கு அவரையே ஆலோசகராக்கிக்கொண்டோம். எதையும் கோளாறு என்று ஒழிக்குமுன், அது யாருக்காவது பயன்படுகிறதா என்று இப்போதெல்லாம் கேட்டுவிடுகிறேன்.

அடுத்து, அதே ப்ரோக்ராம் மொபைலில். கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு ஆட்டோ பிடிக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை சைனிக்புரிக்குப் போக ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிப் பார்க்கப்போகிறோம். பெனடிக்ட் கறாராகச் சொல்லிவிட்டான்: "சண்டையே வந்தாலும் நீ குறுக்கே பேசக் கூடாது."