அப்டேட் போடாத கேதீஸ் அண்ணை

நேத்து முழுக்க இருந்து எங்கட ஸ்டூடியோ கம்பியூட்டர் எல்லாத்துக்கும் புது வேர்ஷன் போட்டது நான். கேதீஸ் அண்ணை மட்டும் "பிறகு பாப்பம் தங்கச்சி" எண்டு தன்ர கம்பியூட்டரைத் தொட விடேல்லை.

இண்டைக்குக் காலமை பாத்தா, எல்லாக் கம்பியூட்டரும் நெட்வேர்க்கில பாவிக்கிற, படமெல்லாம் கிடக்கிற ஸ்டோரேஜ் பெட்டி ஒருத்தருக்கும் திறக்குதில்லை. அவருக்கு மட்டும் திறக்குது!

நிலாவெளிக் கலியாண வீட்டுக்காரர் படம் பாக்க வந்து, அவற்ற கதிரையைச் சுத்தித்தான் நிண்டவை. "கெட்டிக்காரத் தம்பி" எண்டு பாராட்டினா கலியாணப் பொம்பிளையின்ர அம்மா.

"நான் உந்த அப்டேட்டுகளை நம்புறேல்லை அம்மா" எண்டு அவர் விளக்கம் வேற.

எப்பவும் முதல்ல எனக்கு வாற பிளேன்ரீக் கோப்பையை முதலாளி அவருக்கு நீட்டினார். ஒண்டுமே செய்யாத ஆளுக்கு! நான் போய் என்ர கம்பியூட்டருக்கு முன்னால குந்தினன்.

காரணத்தைத் தேடிப் பிடிச்சன். பெட்டி பழைய முறையிலதான் இணைக்குதாம், புது வேர்ஷன் அது பாதுகாப்பில்லை எண்டு ஏற்காதாம். பெட்டியின்ர செட்டிங்கைப் புது முறைக்கு மாத்தினன். எங்கள் எல்லாருக்கும் திறந்திட்டுது.

"தங்கச்சி, இப்ப எனக்குத் திறக்குதில்லை. ஒருக்கா வந்து பாக்கிறியளோ?"

கேதீஸ் அண்ணைதான். அவற்ற பழைய கம்பியூட்டருக்குப் புது முறை தெரியாது.

பழசு புதுசு ரெண்டு முறையையும் ஏற்கிறதுக்கு அந்த செட்டிங்கில ஒரு வழி இருந்தது. கண்டனான்.

"பிறகு பாப்பம் அண்ணை" எண்டன்.

நான் செய்தது பிழையெண்டு நினைக்கிறவை கீழ கொமெண்டில சொல்லுங்கோ. முதலாளி இப்ப எனக்கு நீட்டின இந்தப் பிளேன்ரீயைக் குடிச்சு முடிச்சிட்டு மாத்தி விடுறன்.