உத்திரமேரூருக்கு ஒரு புட்டி வைக்கோல் ஸ்பிரிட்டோடு

உத்திரமேரூர் கல்வெட்டுகளைப் பார்க்கப் போகிறவர்கள் என்னிடம் வழி கேட்கிறீர்கள். நான் முதன்முதலில் அங்கே போனது கூட்டாளி தேடித்தான். அறுபதுகளின் தொடக்கம், மாசி மாதம், அறுவடை முடிந்திருந்தது. என் சிநேகிதன் சம்பத்து வைக்கோலை அமிலத்தில் வேகவைத்துச் சர்க்கரையாக்கி, புளிக்கவிட்டு, பெட்ரோலுக்குப் பதிலாக மோட்டாரில் ஊற்ற ஒரு புட்டி ஸ்பிரிட் வடித்திருந்தான். அதற்காகவே சர்க்கரை ஆலை வேலையையும் விட்டுவிட்டான், புண்ணியவான். வைக்கோலும் இடமும் தர ஒரு நிலக்காரர் சம்மதித்தால் நான் பணம் போடுவதாகப் பேச்சு.

காஞ்சிபுரத்தில் காலை ஆறு மணி பஸ். பதினெட்டு மைல், எண்பது பைசா. மதுவிலக்குக் காலமாதலால் புட்டிமேல் 'டர்பன்டைன்' என்று எழுதி ஒட்டியிருந்தோம். கண்டக்டர் பக்கத்தில் வரும்போதெல்லாம் புட்டியைத் துண்டால் மூடிக்கொண்டேன். ஓரிக்கை தாண்டியதும் ஒரே பனி. மாகறல் பக்கம் வைக்கோல் போர்கள் அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்து மறைந்தன. "எல்லாம் ஸ்பிரிட்டுடா" என்றான் சம்பத்து, தூக்கத்தில் பேசுகிறவன் மாதிரி. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. என் கண்ணுக்குள் பட்டணத்து மோட்டார்கள் எல்லாம் களத்துமேட்டு வாசனையோடு ஓடிக்கொண்டிருந்தன.

உத்திரமேரூரில் நிலக்காரர் வரதன் எங்களைப் பம்பு இன்ஜின் இருந்த கிணற்றடிக்கு அழைத்துப் போனார். "நீங்க சொல்றத நான் நம்பறேன் தம்பி. என் இன்ஜின் நம்பணுமே!"

பெட்ரோலுக்குப் பதில் ஸ்பிரிட்டை ஊற்றினோம். நாலைந்து முறை கயிறு சுற்றி இழுத்ததும் இருமிக்கொண்டே கிளம்பியது. குழாயில் தண்ணீர் கொட்டியது. மூன்று பேரும் வாய்க்காலில் கால் நனைய நின்றோம். அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

ஸ்பிரிட் தீர்ந்து இன்ஜின் நின்றது. வரதன் சம்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "சேந்துக்கலாம். அந்தக் கொல்லையில ஷெட்டு போட்டுக்க. ஆமா, இந்தப் புட்டிக்கு எத்தினி வைக்கோல் ஆச்சு?"

நான் பலமாக இருமினேன். சம்பத்து என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒரு வண்டி ஆச்சுங்க. போகப்போகக் குறையும். எப்ப குறையும்னு எனக்கே தெரியல."

வரதன் மர நிழலில் அசைபோட்டுக்கொண்டிருந்த மாடுகளைப் பார்த்தார். "ஒரு வண்டி இருந்தா இதுங்க ஒரு மாசம் தின்னுக்கினு ஏர் ஓட்டும். அறுக்கறவங்க வூட்டுக் கூரைக்கும் இதுலதான் குடுக்கறேன். ஆசையாத்தான் கீது தம்பி. முடியாது." சொல்லும்போது அவர் முகமும் வாடியிருந்தது. நாஷ்டா சாப்பிடாமல் விடமாட்டேன் என்று உட்காரவைத்தார்.

போகிறவர்கள் மாசிப் பனியில் முதல் பஸ்ஸில் போங்கள். வெயில் ஏறுமுன் கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டு ஏரிக்கரைக்குப் போய் உட்காருங்கள். யாரோடாவது தொழில் தொடங்கும் யோசனை இருந்தால் அவரையும் கூட்டிப் போவது நல்லது, வழியில் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். திரும்புவதற்குக் கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள். நாங்கள் மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம்.

அதில் சம்பத்தைத் திட்டித் தீர்த்தேன். "வாயை மூடிக்கிட்டிருந்தா முடிஞ்சிருக்கும்டா!"

"முடிஞ்சிருக்கும். அப்புறம் அந்த மாடுங்க பட்டினி கிடக்கும். நீயும் பணம் போடாதே."

பஸ் செய்யாற்றைத் தாண்டியது. பிறகு, "ஷெட்டுக்கு வேற இடம் பாப்போம்" என்றேன்.

"தோத்துடுவோம்டா."

"தோக்கும்போது நீ மறைக்காம சொல்லுவே. அது போதும்."