சட்டைப் பையில் ஃபியூஸ்

கம்பத்தில் ஏறுவதற்கு முன் கீழேயுள்ள பெட்டியைத் திறந்து, அந்த வரிசைக்கான ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். பிறகு பையின் பொத்தானை மாட்ட வேண்டும். அதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கியே கிடக்கின்றன. முன்பொரு முறை இவர் மேலே இருக்கும்போது எந்தப் புண்ணியவானோ கீழே கரண்டைப் போட்டுவிட்டான். அன்று பிடித்த பழக்கம் இது. “மேல ஆள் இருக்கற வரைக்கும் இது என் பையில. எவ்வளவு பெரிய அதிகாரி வந்து கேட்டாலும் கிடையாது.”

நகராட்சியில் தெருவிளக்கு வேலை. ஊருக்கு இவர் பல்பு அண்ணன். சொந்தப் பெயர் சம்பள நாளன்று மட்டும் வெளியே தலைகாட்டும். ஏணியைத் தோளிலிருந்து இறக்காமலே டீ குடிப்பார். விளக்கு எரியவில்லை என்று யார் வந்து கத்தினாலும் கோபப்படமாட்டார். “மினுக்கிட்டு செத்துச்சா, பொசுக்குன்னு போச்சா?” என்று விசாரிப்பார். கடைசியில், “சாமான் வரட்டும்” என்பார். சாமான் வராது.

பத்து வருடங்களுக்கு முன், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மாநிலத்தோடு இந்த ஊரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. சேர்க்கலாம் என்றவர்கள் மயிரிழையில் ஜெயித்தார்கள். பாதி ஊர் ஆடிப் பாடியது, மீதி ஊர் தெருவில் இறங்கிக் கோஷம் போட்டது. கோஷம் போட்டவர்களைப் போலீஸ் சுட்டது. பல்பு அண்ணனின் தம்பி சந்தை வளைவில், தன் வீட்டு வாசலுக்கு எதிரே விழுந்து செத்தான். தம்பி வேண்டாம் என்றவன். அண்ணன் சேர்க்கலாம் என்று ஓட்டுப் போட்டவர், அதை இன்றுவரை மறைத்ததும் இல்லை. “போட்டேன். இப்பக் கேட்டாலும் அதேதான் போடுவேன். ஆனா அவன் சாகணும்னு போடலையே.”

இந்த வருடம் இணைப்பு நாளின் பத்தாம் ஆண்டு. தெருவிளக்குக்கு ஒதுக்கிய பணத்தை அப்படியே எடுத்து, ஊர் முழுக்கச் சீரியல் விளக்குப் போட நகராட்சியில் தீர்மானம் நிறைவேறியது. கேள்வி கேட்ட ஒன்றிரண்டு பேருக்குத் துரோகி என்று பெயர் வைத்தார்கள். சந்தை வளைவில் குடியிருக்கும் எனக்கு ஆத்திரம் வந்தது. அவருக்கு வேலை வந்தது.

“ஜெயிச்சவங்க கொண்டாடட்டும் சார், நானும் வந்து ஓரமா நிக்கறேன். அவங்க கைக்காசுல செய்யட்டும். தோத்தவன் கட்டின வரியிலயா?” என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். ஓய்வு பெறச் சில மாதங்களே இருக்கின்றன. இந்த நேரத்தில் முறைத்துக்கொண்டால் பென்ஷனில் கை வைத்துவிடுவார்கள்.

தெருத்தெருவாகக் கட்டி முடித்து, கடைசியில் சந்தை வளைவுக்கு வந்தார். ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஏணியைச் சாத்தும்போது தம்பி மனைவி கதவைத் திறந்தாள். சண்டை போடுவாள் என்றுதான் நான் நினைத்தேன்.

“கட்டுங்க மாமா. நானும் வீட்டு வரி கட்டியிருக்கேன், என் பங்கும் இதுல இருக்கு. அன்னைக்குத் தெருவிளக்கெல்லாம் உடைஞ்சு கிடந்துச்சு. இருட்டுல தடவித் தடவித்தான் அவரைக் கண்டுபிடிச்சேன். இப்பவாவது அந்த எடம் நல்லா வெளிச்சமா இருக்கட்டும்.”

அவர் மேலே ஏறினார், ஒரு முடிச்சுகூடத் தளராமல் கட்டினார், இறங்கினார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொழுது சாய்ந்ததும் நகராட்சித் தலைவர் மேடையில் சுவிட்சைப் போட்டார். ஊரே பளிச்சென்று எரிந்தது, சந்தை வளைவு மட்டும் இருட்டாகக் கிடந்தது. ஓவர்சீயர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். பல்பு அண்ணன் தம்பி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஏணி இன்னும் கம்பத்தில் சாய்ந்தபடியே இருந்தது.

“ஃபியூஸ் எங்கய்யா? மேலதான் ஆளே இல்லையே. மாட்டு, இல்லேன்னா பென்ஷனை மறந்துடு.”

அவர் அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தார். ஆள் இல்லைதான். பிறகு தலையைக் குனிந்து, எதிரே தம்பி விழுந்த தரையைப் பார்த்தார். அங்கே ஆள் இருந்தான். சட்டைப் பையின் பொத்தான் கழன்றிருந்தது. மடங்கிய விரல்களால் தட்டுத் தடுமாறி, ஓவர்சீயர் பார்த்துக்கொண்டு நிற்க, அதை மாட்டினார்.