அமலா அக்கா பென்சிலில் எழுதிய எண்

காலை பத்தரை மணி இருக்கும். சுகாதார நிலையத்து நர்ஸ் போன் செய்தார். “அண்ணே, அமலா அக்கா போயிட்டாங்க. பஸ்ஸுக்கு நின்னவங்க அப்படியே சாஞ்சுட்டாங்களாம். மாரடைப்புங்கறாங்க.” கையிலிருந்த மாத்திரை அட்டையை எங்கே வைத்தேன் என்று எனக்கு இன்னும் நினைவில்லை. எறையூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இருபது வருடம் நம் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துச் சோதித்தவர் அவர். அமலோற்பவ மேரி என்ற முழுப் பெயர் எனக்கே கல்லறையில்தான் தெரிந்தது. சொந்த ஊரான வரதராசன்பேட்டையில் அவருக்கு மண் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

அவரிடம் ரத்தம் கொடுத்தவர்களுக்கு அந்தப் பென்சில் ஞாபகம் இருக்கும். சோதனைச் சீட்டில் இன்றைய எண்ணுக்குப் பக்கத்திலேயே போன தடவை வந்த எண்ணையும் பென்சிலால் குறித்துவிடுவார். ஒருமுறை யாரோ ஒருவரின் சீட்டைப் பார்த்துவிட்டு, “எல்லாம் நார்மல்னுதானேக்கா போட்டிருக்கு, அப்புறம் எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?” என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. “நார்மலுக்கு உள்ளதான் இருக்கு தம்பி. ஆனா போன வருசம் நடுவூட்டுல இருந்தது, இப்ப வாசப்படில வந்து நிக்குது.” கிரியாட்டினின் என்ற அந்த எண் ஏறினால் சிறுநீரகம் தளர்கிறது என்று பொருள். மருந்துக் கடைக்காரனான எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வருடக் கரும்பு வெட்டு முடிந்த சமயம், ஒரு நோட்டோடு என் கடைக்கு வந்தார். “இந்தப் பேரெல்லாம் படிச்சுப் பாருங்க.” படித்தேன். எல்லாரும் வெட்டுக்குப் போகிறவர்கள். “இவங்க யாருக்கும் சுகர் இல்ல, பிரஷர் இல்ல. அப்புறம் ஏன் கிட்னி கெடுது?” என்றார். வெயிலில் உழைக்கிறவர்களின் சிறுநீரகம் இப்படிக் கெடுவதைப் பற்றி இப்போது ஆராய்கிறார்கள், வெப்பத்தின் மீதுதான் சந்தேகப்படுகிறார்கள், இன்னும் முடிவாகச் சொல்லவில்லை என்று விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் கேட்டார், “இதுல எத்தன பேரு சாயங்காலம் உங்ககிட்ட செட்டு வாங்குறாங்க?”

செட்டு என்றால் உங்களுக்குத் தெரியும். உடம்பு வலிக்கு நாலு மாத்திரையைப் பிரித்து ஒரு காகிதக் கவரில் போட்டுக் கொடுப்போம். வெட்டுக்காரர்கள் தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கும், குனிய முடியாது என்று மத்தியானம் வரை வாய் நனைக்க மாட்டார்கள். வற்றிப்போன அந்த உடம்போடு சாயங்காலம் வந்து என்னிடம் வலி மாத்திரை வாங்கி விழுங்குவார்கள். நோட்டிலிருந்த அத்தனை பேரும் என் கடைக்கு வருகிறவர்கள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. “ஏக்கா, நான் என்ன விஷமா விக்கிறேன்?” என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. “விஷம்னா அன்னிக்கே தெரிஞ்சிடுமே தம்பி. இது தெரியாது. கிட்னி வலிச்சுச் சொல்லாது.” நான் அவருக்கு உட்கார நாற்காலிகூடப் போடவில்லை. செட்டு கொடுப்பதையும் நிறுத்தவில்லை.

இந்த வருடம் வெட்டு நடக்கிற இடத்துக்கே விடியற்காலையில் பெட்டியோடு போய் உட்கார்ந்தார். அங்கே ரத்தம் கொடுத்தவர்களில் என் தம்பி முருகேசனும் ஒருவன். முப்பத்தெட்டு வயது, மாடு மாதிரி உழைப்பான். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

“முருகேசனுக்கு ஏறியிருக்கு. செட்டு குடுத்தீங்களா?”

“இடுப்பு வலிங்கறான்க்கா. வெட்டு நாள்ல மட்டுந்தான்.”

“வெட்டு எத்தன மாசம் நடக்குது?”

கூடப் பிறந்தவன் என்பதால் அவனுக்கு நானே ஒரு மாத்திரை சேர்த்துப் போடுவேன். பாவி, அதை அவரிடம் அப்போதும் சொல்லவில்லை. அவர் சீட்டை நீட்டினார். “ஒரு தடவ ஏறினத வச்சு நிரந்தர நோய்னு சொல்லக் கூடாது. மூணு மாசம் கழிச்சும் எறங்கலன்னாதான் அந்தப் பேரு. டாக்டரும் அதான் சொல்றாரு. அதுவரைக்கும் அடிக்கடி தண்ணி குடிக்கணும், நெழல்ல நிக்கணும், செட்டு கூடவே கூடாது. நானே வந்து ரத்தம் எடுக்கறேன்.” அன்றோடு செட்டுக் கவர்களைக் குப்பையில் போட்டேன்.

அக்காவை அடக்கம் செய்த அன்று சாயங்காலம் முருகேசன் கடைக்கு வந்தான். முகம் லேசாக உப்பியிருந்தது. “தூக்கம் சரியில்ல” என்றான். “ஒரு செட்டு குடுண்ணே, இடுப்பு வுட்டுப்போச்சு.” இல்லை என்றேன். கெஞ்சினேன், திட்டினேன், அக்கா சொன்னதையெல்லாம் சொன்னேன். “போண்ணே, அந்தம்மாவே போயிடுச்சு” என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனான். அங்கே காகிதக் கவரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை நான் இங்கிருந்து பார்த்தேன்.

வருகிற திங்கட்கிழமையோடு முருகேசனுக்கு ரத்தம் எடுத்து மூன்று மாதம் முடிகிறது. அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தச் சீட்டு ஒன்றுதான். செட்டுக் கவர்கள் இருந்த மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பென்சிலில் தம்பியின் எண், பக்கத்தில் அடுத்த எண்ணுக்காக அவர் கோடு போட்டு விட்டுவைத்த காலி இடம். கையைப் பிடித்து இழுத்தாவது திங்கட்கிழமை அவனைக் கூட்டிப் போவேன். அந்த இடத்தில் யாரோ ஒருவர் ஒரு எண் எழுதுவார். அதைப் படிக்க எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.