ஊட்டியில் அக்கா சொன்ன உறவு

அத்தை மகன் ஊட்டிக் கல்லூரியில் சேர்ந்து மூன்றாவது வருடம், அவரைப் பார்த்துவர அப்பா அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். எஸ்டேட்டில் லீவு கிடைக்காததால் அம்மா வரவில்லை. பார்த்துவர என்றுதான் என்னிடம் சொன்னார்கள். அக்கா பிறந்தபோதே அவள் தன் மகனுக்குத்தான் என்று அத்தை சொல்லிவைத்திருந்தார். படிப்பு முடியப்போகிறது, தை பிறந்ததும் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமா என்று அந்த மாமாவிடமே கேட்டுவிடத்தான் அப்பா போனார். நான்காம் வகுப்பில் இருந்த எனக்கு ரயிலில் ஜன்னலோரம் கிடைக்குமா என்பதே கவலை.

எங்கள் ஊர் ஜெகதளாவிலிருந்து அருவங்காட்டுக்கு நடந்துபோய் மலை ரயில் ஏறினோம். அக்கா முதல் நாளே வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுத் தூக்குப்போசியில் அடுக்கியிருந்தாள். நான் ஒன்று கேட்டதற்கு, "மாமாவுக்குக் குடுத்துட்டு அப்புறம் தின்னு கண்ணு" என்றாள்.

விடுதி வாசலுக்கு வந்த மாமா ஆளே மாறியிருந்தார். கழுத்தில் மஃப்ளர், புது மூக்குக்கண்ணாடி. "வாங்க மாமா" என்று அப்பாவைக் கும்பிட்டார். அக்காவிடம், "நல்லா இருக்கியா?" என்று தூக்குப்போசியைப் பார்த்துக் கேட்டார்.

கல்லூரியைச் சுற்றிக் காட்டிவிட்டு பொட்டானிக்கல் கார்டனுக்கு அழைத்துப் போனார். கல்லாகிப்போன மரம் ஒன்று அங்கே கிடந்தது. நான் தட்டித் தட்டிப் பார்த்தேன். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை ஆரம்பிப்பதும், மாமா உடனே வேறொரு பூவைக் காட்டுவதுமாக இருந்தது. கடைசியில் அப்பா, வாசலில் கடலை வாங்கிவருவதாகச் சொல்லிப் போனார். சிறுசுகள் பேசிக்கொள்ளட்டும் என்று நினைத்திருப்பார்.

அதற்குள் கண்ணாடி வீட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். நீல ஸ்வெட்டர், நெஞ்சோடு அணைத்த புத்தகங்கள். மாமாவைப் பார்த்ததும் சிரித்தாள். பக்கத்தில் அக்காவைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"இவங்க யாருங்க?"

மாமா வாயைத் திறந்தார். பிறகு மஃப்ளரை இறுக்கிக்கொண்டார். அக்கா அவர் முகத்தையும் அந்தப் பெண்ணின் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள்.

"தங்கச்சிங்க. சித்தி மக. அண்ணனைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தமுங்க."

"இல்ல, அத்தை..." என்று நான் தொடங்கினேன். அக்கா என் கையை இறுக்கினாள். எனக்கு வலிக்கும்படி அவள் எதுவும் செய்தது அதுவே முதல் தடவை.

திரும்பினால் கடலைப் பொட்டலங்களோடு அப்பா நின்றிருந்தார். எப்போது வந்தாரோ தெரியவில்லை. "அப்பா" என்று அவரிடம் ஓடினேன்.

"சித்தப்பாங்களா? வணக்கமுங்க" என்று அந்தப் பெண் கைகூப்பினாள்.

அப்பா அக்காவையே பார்த்தார். அக்கா தலையைக் குனியவில்லை.

"ஆமாம்மா" என்றார் அப்பா. "நல்லாப் படிங்க." ஒரு பொட்டலத்தை அவளிடம் நீட்டினார்.

பிறகு ஏரிக்குப் போனோம். எனக்காகப் படகிலும் ஏறினார்கள். நான் மட்டும்தான் பேசினேன். மாமா ஸ்டேஷன்வரை வந்தார். வண்டி நகரும் நேரத்தில் ஜன்னல் வழியாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா..." என்றார்.

"பரீட்சையை நல்லா எழுது. உங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் அப்பா.

லவ்டேல் தாண்டிய பிறகுதான் அக்காவிடம் கேட்டார். "ஏங்கண்ணு அப்படிச் சொன்னே?"

அக்கா வெளியே பார்த்தபடி சொன்னாள்: "அவரு பயந்துபோய் நின்னாருங்கப்பா. பாக்க முடியல."

அப்பா தன் சால்வையை எடுத்து அவள் தோளில் போர்த்திவிட்டார்.

எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. அவ்வளவு சாதுவான பெண்ணைப் பார்த்து மாமா எதற்குப் பயந்தார்? அக்காவையே கேட்கலாம் என்று திரும்பினேன். அவள் கண்களை மூடிச் சால்வையை முகம்வரை இழுத்துவிட்டிருந்தாள். விடியுமுன்னே எழுந்தவளாயிற்றே, தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.